ரிமோட் சாவி வேலை செய்யவில்லையா?

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் மல்லாபூர் இருக்கிறது. அது தொழிற்பேட்டை உள்ள இடம். பக்கத்தில் நாச்சாரம், செர்லபள்ளி, குஷாய்குடா ஆகிய பகுதிகள் உள்ளன. அங்கும் தொழிற்சாலைகள் உண்டு. கொஞ்ச தூரத்தில் இ.சி.ஐ.எல். இருக்கிறது. அது மத்திய அரசின் மின்னணு நிறுவனம். 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தேர்தலில் ஓட்டுப் போடும் மின்னணு எந்திரங்களை அந்த நிறுவனம் தயாரிக்கிறது.

மல்லாபூரில் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் அவருடைய சொந்தக் கார். கடன் வாங்கி வாங்கியது. மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். மனைவி ஒரு சிறு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கிறார். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு வயது இரண்டு.

மனைவி சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்களைப் படிப்பதில் அவருக்குத் தனி ஆசை.

கதவு திறக்கவில்லை

ஒரு நாள் மாலை ஏழு மணி. ஓட்டுநர் காரைக் கழுவித் துடைத்தார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குச் சவாரி இருந்தது. ஒரு குடும்பத்தை ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நல்ல சவாரி.

பூட்டியிருந்த காரைத் திறக்கச் சாவியின் பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. விளக்கு மின்னவில்லை. மறுபடி அழுத்தினார். பத்து தடவை அழுத்தினார். கதவு திறக்கவே இல்லை.

தெருமுனையில் நின்ற ஒருவர் சாவியை வாங்கிப் பார்த்தார்.

"உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் போய்விட்டது. புதுச் சாவிதான் போட வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றார்.

ஓட்டுநர் மனம் உடைந்து வீட்டுக்குள் வந்தார்.

"நாளைக்குச் சவாரி போக முடியாது. வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்" என்று செல்பேசியை எடுத்தார்.

"என்னங்க, கொஞ்சம் பொறுங்க. பக்கத்து வீட்டு ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்க" என்றார் மனைவி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றவர். அவர் வந்தார். சாவியை வாங்கிப் பார்த்தார்.

சாவிக்குள் இரண்டு வேலை

"தம்பி, இரும்புச் சாவியைக் கதவில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லை ஐயா. ரிமோட்டே போய்விட்டதே. அதற்கப்புறம் இரும்புச் சாவி எதற்கு?"

பெரியவர் சிரித்தார். மூவரும் காரிடம் போனார்கள். ஓட்டுநர் இரும்புச் சாவியைக் கதவில் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. உடனே கார் 'பாம் பாம்' என்று அலறியது. ஓட்டுநர் பதறினார்.

"பயப்படாதீர்கள். ரிமோட் இல்லாமல் திறந்ததால் திருடன் என்று வண்டி நினைக்கிறது. உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்புங்கள்" என்றார் பெரியவர்.

ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். அலறல் நின்றது. எஞ்சின் ஓடியது.

ஓட்டுநருக்கு நம்பவே முடியவில்லை. பெரியவர் விளக்கிச் சொன்னார்.

"இந்தச் சாவிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. முதல் வேலை கதவைத் திறப்பது, மூடுவது. பொத்தானை அழுத்தினால் சாவியிலிருந்து ரேடியோ அலை கிளம்புகிறது. வண்டி அதைக் கேட்டுக் கதவைத் திறக்கிறது. இந்த வேலைக்குப் பேட்டரி வேண்டும்.

"இரண்டாவது வேலை எஞ்சினை ஓட விடுவது. சாவியின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி வேண்டாம். சாவி போடும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதிலிருந்தே சில்லுக்குச் சக்தி கிடைக்கிறது. சில்லு தன் இரகசிய எண்ணைச் சொல்கிறது. எண் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். கள்ளச் சாவி போட்டால் ஓடாது."

"அப்படியென்றால் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி ஓடுமா ஐயா?"

"ஓடும் தம்பி. உங்கள் சவாரியை விட வேண்டாம். இப்போது முதல் வேலையில்தான் கோளாறு. அது என்ன என்று பார்ப்போம்."

ஓட்டுநர் செல்பேசியைச் சட்டைப் பையில் வைத்தார்.

கோளாறு சாவியிலா, வண்டியிலா?

"முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். வண்டி வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்திருப்பார்களே. இன்னொன்று எங்கே?" என்று பெரியவர் கேட்டார்.

மனைவி பீரோவிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து வந்தார். ஓட்டுநர் வண்டியை மூடிவிட்டு அதன் பொத்தானை அழுத்தினார். கதவு உடனே திறந்தது.

"பார்த்தீர்களா? வண்டி நன்றாக இருக்கிறது. கோளாறு முதல் சாவியில். இரண்டு சாவியுமே வேலை செய்யாவிட்டால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். வண்டியின் பெரிய பேட்டரி இறங்கியிருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம்."

"அந்தச் சாவியையே எடுத்துக்கொண்டு போகட்டுமே ஐயா" என்றார் மனைவி.

"போகலாம் அம்மா. ஆனால் ஒரு சாவி வீட்டில் எப்போதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் இன்னொன்றைக் கொண்டு வேலை நடக்கும். இரண்டும் இல்லாமல் போனால் செலவு மிக அதிகம்."

பெரியவர் கெட்டுப்போன சாவியின் பொத்தானை அழுத்தினார். சாவியில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிறகு கூட்டை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். விளக்கு ஒரு நொடி மின்னியது.

"இறுக்கினால் எரிகிறது. விட்டால் அணைகிறது. உள்ளே ஏதோ சரியாகத் தொடவில்லை" என்றார்.

கூட்டைத் திறப்பது எப்படி?

வீட்டுக்குள் பாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார்கள். சின்னப் பொருள் விழுந்தால் வெள்ளைத் துணியில் தெரியும்.

பெரியவர் சொல்லச் சொல்ல ஓட்டுநர் செய்தார்.

முதலில் கூட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருந்தது. அதில் ஒரு ரூபாய்க் காசின் விளிம்பை வைத்து மெதுவாகத் திருப்பினார். 'டக்' என்று கூடு பிளந்தது.

"கூர்மையான திருப்புளியைக் குத்தித் திறக்கக் கூடாது. உள்ளே பலகை கீறிவிடும். கையும் கிழியும். சில சாவிகளில் திருகாணி இருக்கும். அதைக் கழற்றாமல் நெம்பக் கூடாது" என்றார் பெரியவர்.

மகள் செல்பேசியில் படம் எடுத்தாள். எது எப்படி இருந்தது என்று மறந்துபோனால் படம் உதவும்.

கூட்டுக்குள் ஒரு பச்சைப் பலகை இருந்தது. வட்டமான பட்டன் செல் ஒன்று இருந்தது. ஒரு மூலையில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு ஒன்றும் இருந்தது.

"இது என்ன, குப்பையா?" என்று ஓட்டுநர் அதைத் தட்டப் போனார்.

பெரியவர் அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, இதுதான் அந்தச் சில்லு! எஞ்சினை ஓட விடும் சில்லு. சில சாவிகளில் இது தனியாக இருக்கும். சில சாவிகளில் பலகையோடு சேர்ந்திருக்கும். பழைய கூட்டைத் தூக்கிப் போட்டுப் புதுக் கூடு மாற்றுகிறவர்கள் பலர் இதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் கதவு திறக்கும். எஞ்சின் ஓடாது. புதிதாகச் சில்லு வைத்து வண்டியோடு பழக்குவதற்குத்தான் ஆயிரக்கணக்கில் செலவாகும்."

ஓட்டுநர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

எண் சொன்ன உண்மை

பெரியவர் பட்டன் செல்லை எடுத்தார். மல்டிமீட்டர் கருவியை வைத்து அளந்தார். 3 வோல்ட் காட்டியது.

"செல்லில் சக்தி இருக்கிறது. புது செல்லில் 3 வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 2.8க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவது நல்லது. இது நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் தொடவில்லை?" என்று யோசித்தார்.

"போன மாதம்தான் ஐயா மாற்றினேன். வழியில் ஒரு கடையில் போட்டுக்கொடுத்தார்கள்" என்றார் ஓட்டுநர்.

மனைவி செல்லைக் கையில் வாங்கினார். விளக்கின் அருகே பிடித்தார். அதன் மேல் கூட்டல் குறி இருந்தது. இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தன. எழுத்தை மகள் சொன்னாள்: "சி.ஆர்." எண்ணை அம்மாவே படித்தார்.

"2... 0... 2... 5. இரண்டாயிரத்து இருபத்தைந்து."

பிறகு கூட்டின் உட்புறத்தைப் பார்த்தார். செல் இருந்த இடத்தில் ஏதோ பொறித்திருந்தது. எழுத்துகள் மிகச் சின்னவை. கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இங்கேயும் சி.ஆர். என்று இருக்கிறது. ஆனால் எண் வேறு. 2... 0... 3... 2. இரண்டாயிரத்து முப்பத்திரண்டு. என்னங்க, இரண்டும் ஒன்று இல்லையே!"

பெரியவர் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சபாஷ் அம்மா! கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்."

அந்த எண்ணின் பொருளை அவர் விளக்கினார்.

'சி' என்ற எழுத்து செல்லுக்குள் இருக்கும் மருந்தின் வகையைக் குறிக்கிறது. இது லித்தியம் செல். 'ஆர்' என்றால் வட்ட வடிவம். முதல் இரண்டு எண் அகலம். 20 என்றால் 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டு எண் கனம். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர். 25 என்றால் 2.5 மில்லிமீட்டர்.

"2025, 2032 இரண்டுக்கும் அகலம் ஒன்று. வோல்ட்டும் ஒன்று. கனம்தான் வேறு. வேண்டியது 3.2. போட்டிருப்பது 2.5. நடுவில் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் செல் ஆடுகிறது. தகட்டை ஒரு நேரம் தொடும். ஒரு நேரம் தொடாது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எண்ணைப் படித்தால்தான் தெரியும்."

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் கண்ணில் பெருமை தெரிந்தது.

கடையில் நடந்தது

மனைவி ஒரு துண்டுத் தாளில் '2032' என்று எழுதிக்கொண்டார். கடைக்குப் போனார். கடைப் பலகை தெலுங்கில் இருந்தது. அதை அவரால் படிக்க முடியாது. ஆனால் எண் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். தாளைக் காட்டினார்.

கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மனைவி படித்தார். 2025.

"இது வேண்டாம். 2032 கொடுங்கள்" என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டார்.

"எல்லாம் ஒன்றுதான் அம்மா" என்றார் கடைக்காரர்.

"ஒன்று இல்லை. கனம் வேறு" என்று தாளை மறுபடியும் காட்டினார்.

கடைக்காரர் உள்ளே தேடி 2032 எடுத்து வந்தார். மனைவி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எந்த ஆண்டு வரை நல்லது என்று அதில் அச்சிட்டிருந்தது. தேதி தாண்டவில்லை. காசைக் கொடுத்தார். நூறு ரூபாய்த் தாளில் மீதியும் கிடைத்தது.

ஒரு நொடி தவறியிருந்தால்

வீட்டில் எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவர் சொன்னபடி ஓட்டுநர் புது செல்லை விளிம்பில் பிடித்தார். செல்லின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இடுக்கியால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மின்சாரம் வீணாகும். கூட்டில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதே மாதிரி வைத்தார்.

எல்லோர் கண்ணும் சாவி மேல் இருந்தது. பழைய செல் பாயின் ஓரத்தில் கிடந்தது. பளபளவென்று மின்னியது. சின்னவன் தவழ்ந்து போய் அதை எடுத்தான். வாயருகே கொண்டு போனான்.

"அம்மா! தம்பி!" என்று மகள் கத்தினாள். தாவிப் பிடித்து அவன் கையிலிருந்து செல்லைப் பிடுங்கினாள். பையன் வீறிட்டு அழுதான்.

"அழட்டும் விடுங்கள். காசு மாதிரிதானே இருக்கிறது. விழுங்கினாலும் வெளியே வந்துவிடாதா?" என்றார் ஓட்டுநர்.

பெரியவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, காசு வேறு, இது வேறு. இந்த அளவுச் செல் குழந்தையின் உணவுக் குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். அங்கே ஈரம் இருக்கிறது. ஈரம் பட்டதும் செல்லிலிருந்து மின்சாரம் ஓடும். அந்த இடத்தில் காரம் உண்டாகும். காரம் சதையை அரிக்கும். இரண்டே மணி நேரத்தில் புண் ஆழமாகிவிடும். உணவுக் குழாயில் ஓட்டை விழலாம். உயிரே போகலாம். சாவிக்கு உதவாத பழைய செல்லும் குழந்தையைச் சுடும். அதில் மிச்சம் இருக்கும் சக்தியே போதும்."

வீடு அமைதியானது. தாய் மகனை வாரி அணைத்துக்கொண்டார்.

பெரியவர் சொன்னவற்றை மகள் தாளில் எழுதினாள். தாய் அதைச் சுவரில் ஒட்டினார்.

குழந்தை பட்டன் செல்லை விழுங்கினால்:

1. விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே போதும். காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

2. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறு, வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது.

3. "பட்டன் செல் விழுங்கிவிட்டான்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் செல் இருக்கும் இடம் தெரியும்.

4. அதே மாதிரி செல் அல்லது அதன் அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போக வேண்டும். எண்ணைப் பார்த்தால் டாக்டருக்கு அளவு தெரியும்.

5. விழுங்கியதை யாரும் பார்க்காமலும் இருக்கலாம். குழந்தைக்கு எச்சில் ஒழுகுகிறதா? இருமுகிறதா? சாப்பிட மறுக்கிறதா? வாந்தி எடுக்கிறதா? அப்படி இருந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

6. மூக்கிலோ காதிலோ செல்லைப் போட்டுக்கொண்டாலும் ஆபத்துதான். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பழைய செல்லின் இரண்டு பக்கமும் மூடும்படி பெரியவர் ஒட்டு நாடாவைச் சுற்றினார். மூடி உள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்கச் சொன்னார்.

"இதை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. அடுப்பில் போட்டால் வெடிக்கும். பழைய பேட்டரிகளைத் தனியே சேர்க்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

விளக்கு எரிந்தது

ஓட்டுநர் கறுப்புச் சில்லு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கூட்டை மூடினார். சுற்றிலும் அழுத்தினார். 'டக்' என்று பொருந்தியது.

பொத்தானை அழுத்தினார். சாவியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளியே கார் விளக்குகள் மின்னின. கதவு திறந்தது.

வேறு என்ன கோளாறு வரலாம்?

எல்லாச் சாவிக்கும் செல்தான் கோளாறு என்று சொல்ல முடியாது. புது செல் போட்டும் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது? பெரியவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தகடு தளர்ந்திருக்கலாம். செல்லைத் தொடும் சின்னத் தகடு அமுங்கிப் போயிருந்தால் குண்டூசியால் மெல்லத் தூக்கிவிட வேண்டும். வேகமாக வளைத்தால் ஒடிந்துவிடும்.

அழுக்குப் படிந்திருக்கலாம். தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பஞ்சால் துடைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். தண்ணீர் கூடாது. ஸ்பிரிட் தீப்பிடிக்கும். அடுப்பு, பீடி அருகில் இருக்கக் கூடாது.

சாவி நனைந்திருக்கலாம். சட்டைப் பையோடு துவைத்துவிட்டால் உடனே கூட்டைத் திறந்து செல்லை எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பார்க்கக் கூடாது. நிழலில் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரவிட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைக்கக் கூடாது.

பொத்தான் தேய்ந்திருக்கலாம். கூட்டைத் திறந்து, பலகையில் உள்ள சின்ன ஸ்விட்சைத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். வேலை செய்தால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. மேலே உள்ள ரப்பர்தான் தேய்ந்துவிட்டது. கூடு மட்டும் மாற்றினால் போதும். அப்போது சில்லைப் பத்திரமாகப் புதுக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்விட்சே ஒடிந்திருந்தால் செல்பேசி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம்.

சாவியும் வண்டியும் கணக்குத் தவறியிருக்கலாம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சாவி ஒரு புது இரகசிய எண்ணை அனுப்புகிறது. போன தடவை அனுப்பிய எண்ணை யாராவது பதிவு செய்து வைத்தாலும் அது மறுபடி செல்லாது. திருட்டைத் தடுக்க இந்த ஏற்பாடு. குழந்தைகள் வண்டி இல்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை அழுத்தி விளையாடினால் கணக்குத் தவறலாம். அதைச் சரி செய்யும் முறை வண்டிக்கு வண்டி வேறு. வண்டியோடு தந்த கையேட்டில் பார்க்க வேண்டும்.

இடம் சரியில்லாமல் இருக்கலாம். பக்கத்தில் வேறு ரேடியோ அலை பலமாக இருந்தால் சாவியின் அலை வண்டிக்குக் கேட்காது. வண்டியின் அருகே போய் அழுத்திப் பார்க்க வேண்டும். வேறு இடத்தில் வேலை செய்தால் சாவியில் கோளாறு இல்லை.

"சாவி போடும் துளையே இல்லாத வண்டி இருக்கிறதே ஐயா? பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடுமே?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அதிலும் வழி இருக்கிறது. அந்த ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை இழுத்து எடுத்துக் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டை எஞ்சின் பொத்தானின் அருகே ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும். பெரும்பாலான வண்டிகள் ஓடும். சில வண்டிகளில் ரிமோட்டை வைக்கும் இடம் வேறு. அதையும் கையேட்டில் போட்டிருப்பார்கள்."

எல்லாம் செய்து பார்த்தும் சரியாகாவிட்டால் நல்ல மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும். இரண்டாவது சாவியும் வேலை செய்கிறதா என்று அவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சாவித் தொழிலாளி புதுச் சாவி செய்து தந்தால், அந்த இடத்திலேயே கதவையும் எஞ்சினையும் சோதித்த பிறகே பணம் தர வேண்டும்.

விடியற்காலை

மறுநாள் நான்கு மணி. இருட்டாக இருந்தது. ஓட்டுநர் பொத்தானை அழுத்தினார். கார் விளக்குகள் மின்னின. கிளம்பினார். அந்தக் குடும்பத்தை நேரத்துக்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தினார். அங்கே இன்னொரு ஓட்டுநர் தன் சாவியைக் கையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா, ரிமோட் வேலை செய்யவில்லையா?" என்று இவர் கேட்டார்.

"ஆமாம் தம்பி. இப்போதுதான் செல் மாற்றினேன்."

"என்ன எண் போட்டீர்கள்?"

"எண்ணா? எந்த எண்?"

இவர் தன் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. சாவிக்குள் நடக்கும் இரண்டு வேலைகள் என்ன? பேட்டரி தேவைப்படாத வேலை எது?

2. கோளாறு சாவியிலா, வண்டியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

3. 2016 என்ற எண் உள்ள செல்லின் அகலம் என்ன? கனம் என்ன?

4. கூடு மாற்றும்போது எதைத் தொலைக்கக் கூடாது? ஏன்?

5. குழந்தை பட்டன் செல்லை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பட்டன் செல் உள்ள பொருள்கள் எவை? கடிகாரம், எடை பார்க்கும் கருவி, விளையாட்டுப் பொம்மை, ரிமோட் ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள். செல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் இன்றே ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள்.